சீதன வளவின் புகை

என்னை நாற்பது நாள் ஓர் அறைக்குள் அடைத்துப் பாருங்கள், ஐந்தாம் நாளே தெருவில் யார் வீட்டுக் குப்பை எரிகிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவள் நாற்பது முடியும்வரை வாசற்படி தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. கண்ணுக்கு வேலை இல்லை. வாய்க்குப் பத்தியமாகச் சரக்குத் தண்ணியும் பால்சுறா மீன் வறையும். மிஞ்சியது மூக்கு ஒன்றுதான். தலைமயிர் தீய்ந்த மாதிரி வந்தால் அது எதிர்வீட்டுத் தையல்காரச் சாச்சியின் வெட்டுத்துண்டுகள். இனிப்பாக வந்து வயிற்றைப் புரட்டினால் மூலைக்கடையின் யோகட் கோப்பைகள். பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஹாஜியார் மட்டும் வேப்பஞ்சருகைத் தவிர வேறெதையும் எரிக்க மாட்டார். அந்த மனுஷனை மட்டும் நான் திட்டவில்லை.

அது நாட்டில் சண்டை முடிந்த வருடம். சுனாமி வந்து நாலரை வருடம் ஆகியிருந்தது. பாதைகள் திறந்து, கொழும்புச் சாமான்கள் லொறி லொறியாக வந்து இறங்கின. ஒரு றாத்தல் பாணுக்கும் ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பேக், இரண்டு தேசிக்காய்க்கும் ஒரு சொப்பிங் பேக். எல்லாம் வீட்டுக்கு வரும், வீட்டை விட்டுப் போக வழி இல்லை. குப்பை ட்ரெக்டர் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைந்ததை நான் கண்டதில்லை. ஆகவே பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் வீட்டைச் சுற்றிய வளவைக் கூட்டி, கூட்டியதை எல்லாம் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டி நெருப்பு வைப்பார்கள். காலையில் அடிக்கிற கச்சான் காற்று புகையைக் கடலுக்குத் தள்ளும். பின்னேரம் கடற்காற்று அதை அப்படியே வாரி என் ஜன்னலுக்குள் கொண்டுவந்து கொட்டும்.

கொட்டி எரித்த இடம் எது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அது என் சீதன வீடு.

எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வாப்பா எனக்காகக் கடலுக்குக் கிட்ட ஒரு வீடு கட்டினார். கலியாணம் பேசி முடித்தாயிற்று, ஜன்னலுக்கு நிறம் பூசுவது மட்டும் பாக்கி. நிறம் பூச வாப்பா போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கடல் வந்தது. வாப்பாவும் இல்லை, வீடும் இல்லை. அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு கடலோரம் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். வெறும் அத்திவாரத்தைச் சீதனமாக ஏற்றுக்கொண்டு கலியாணம் முடித்த ஒரே மாப்பிள்ளை, நான் மச்சான் என்று கூப்பிடுகிற என் புருஷனாகத்தான் இருக்கும். நாங்கள் உம்மாவின் பழைய வீட்டிலேயே இருந்துவிட்டோம். குடியிருப்பு எங்கள் வீட்டோடு முடிந்துவிடும், அதற்கு அங்கால் வெறும் அத்திவாரங்கள், ஏழாவது என்னுடையது. உம்மா அந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. குப்பை கொண்டுபோகக்கூட வேறு ஆளைத்தான் பிடிப்பார். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டுதான் கதைப்பார்.

என் மகள் ஒரு மாதம் முந்தி வந்தாள். அவசரத்தில் அவள் என்னைப் போல. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது நாள் வைத்திருந்து, பால் குடிக்கப் பழகியதும் கையில் தந்தார்கள். நகம் எல்லாம் அழகாக இருந்தது, கோபமும் இருந்தது. அழுகைதான் இல்லை. வாய் முழுக்கத் திறக்கும், முகம் சிவக்கும், சத்தம் அறைச் சீலைக்கு அங்கால் போகாது. மச்சான் சவளக்கடை வயல்களில் வெட்டு மெஷினோடு நின்றார், வெள்ளாமை வெட்டுக் காலம். போனில் ஒருநாள், "அழுற சத்தத்த ஒருக்கா காட்டு" என்றார். போனை மகளின் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஹலோ, லைன் கட்டாயிட்டா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை பெற்ற வீடுகளைப் பார்க்கும் குடும்பநல மிஸ் காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். தராசுத் தொட்டிலில் பிள்ளையை நிறுத்து, அட்டையில் புள்ளி போட்டு, சட்டையை உயர்த்தி நெஞ்சைப் பார்த்தாள்.

"நெஞ்சு உள்ளுக்க இழுக்குது ராத்தா. விலாவுக்குக் கீழ பாருங்க, மூச்சு எடுக்கக்குள்ள லேசாக் குழி விழுது. வீட்டுக்குப் புகை வருதா?"

"வருது மிஸ். தெருவால வருது," என்று ஜன்னலைக் காட்டினேன். எவ்வளவு சந்தோஷமாகக் காட்டினேன் என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"மாசம் நிறையாம வந்த புள்ள. சுவாசப்பை இன்னும் முத்தல்ல. நாம புகையக் குடிச்சா இருமித் துப்பிருவம். இவளுக்கு இருமவும் தெரியாது, எல்லாம் உள்ளதான் போகும். மூச்செடுக்கவே பெலன் போனா, பாலுக்கும் அழுகைக்கும் எங்கால பெலன் வாற?" என்றாள். "ஒரு கிழமையில வருவன். நிறை ஏறல்ல, இழுவையும் கூடியிருந்திச்செண்டா திரும்ப ஆஸ்பத்திரிதான். அதுக்கு முந்தி கூடினாலும் எனக்காகப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, உடன கொண்டு போங்க."

ஆஸ்பத்திரி என்றால் மறுபடி கண்ணாடிப் பெட்டி. என் பிள்ளையை விரலால் தொடக்கூட ஓட்டைக்குள் கையை விட வேண்டியிருந்த இடம் அது. அன்று பின்னேரமே சண்டையைத் தொடங்கிவிட்டேன். படி தாண்டக் கூடாது என்றுதானே சட்டம், ஜன்னலால் கத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"சாச்சி, அந்த நெருப்ப நிப்பாட்டுங்க."

நெருப்பு வைத்துவிட்டு ஜன்னலைத் தாண்டிப் போன தையல்காரச் சாச்சி கூட்டுமாறும் கையுமாக நின்று திரும்பிப் பார்த்தாள். "ஏன்கா கத்துறா, பச்சப்புள்ளக்காரி. தையல் வெடிச்சிரும். நான் என்ட வளவுலயா எரிக்கிறன்?"

"அதத்தான் சொல்றன். என்ட வளவுல எரிக்கிறீங்க."

"அப்ப வந்து குடியிரு."

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். விறுவிறென்று தன் வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாள் தொட்டு வெட்டுத்துண்டுகளை உரப்பையில் கட்டி வாசலில் அடுக்கி வைத்தாள். ஆனால் ஒழுங்கையில் சாச்சி ஒருத்தியா? மற்றவர்களின் புகை வந்துகொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு வீட்டோடும் சண்டை பிடிக்க நாற்பது நாள் போதாது. ஆகவே சுனாமி நிவாரணத்தில் வந்த நீலத் தறப்பாளை எடுத்து ஜன்னலை மூடி ஆணி அடித்தேன். இடுக்குகளில் பழந்துணியை அடைத்தேன். வாசலுக்குக் கம்பளம் மாதிரித் தடித்த சீலை. இனி எந்தப் புகை வரும் பார்ப்போம் என்று, ஏதோ கோட்டை கட்டியவள் மாதிரி மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன்.

உம்மாவின் வைத்தியம் வேறு. உம்மாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பேத்தி பிறந்த பிறகு மூத்தம்மா என்று யாராவது சொன்னால் யாரை என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். மகளின் மூச்சு இழுப்புக்கு அவர் கண்ட காரணம் கண்ணூறு. பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வரிசையாகக் குற்றவாளிகள் ஆனார்கள். மருதமுனைச் சாச்சி வெறுமனே பார்த்தாள், மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. மச்சானின் உம்மா சொன்னார், ஆனால் பிந்திச் சொன்னார்.

கண்ணூறுக்கு ஏழு செத்தல் மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்துப் பிள்ளையை மூன்று தரம் சுற்றி நெருப்பில் போடுவார்கள். மிளகாய் கமறி எல்லோரும் தும்மினால் கண் இல்லை. நெடியே வராவிட்டால் பொல்லாத கண். உம்மா தணல் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து மிளகாயைப் போட்டார். ஒருவருக்கும் தும்மல் வரவில்லை.

"பாத்தியா? கமறுதா? ஒரு தும்மல்? இது லேசுப்பட்ட கண் இல்லகா," என்றார் உம்மா.

மறுநாளும் செய்தார். மறுநாளும் கமறவில்லை. கண் முற்றிக்கொண்டு போகிறது என்று காலையும் மாலையும் ஆக்கினார். மிளகாய் ஏழிலிருந்து பதினொன்று ஆனது. பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைக்குப் பிடிக்கிற சாம்பிராணிப் புகை தனி. அதற்கும் இதே சட்டிதான், இதே தேங்காய்ச் சிரட்டைத் தணல்தான். எல்லாம் என் கோட்டைக்குள்ளேயே நடந்தது. தெருவெல்லாம் மோப்பம் பிடித்த நான், குசினிக்கும் அறைக்கும் நடுவே வந்துபோன சட்டியை ஒரு தரம் முகர்ந்து பார்க்கவில்லை. மகளோ பால் இழுக்க இரண்டு தரம் முயன்றுவிட்டுக் களைத்துத் தூங்குவாள்.

சொன்ன நாளில் மிஸ் வந்தாள். வெயில் என்று சைக்கிளைப் பின்வளவு நிழலில் விட்டுக் குசினிப் பக்கத்தால் நுழைந்தாள். அங்கே உம்மா சிரட்டை மூட்டிக்கொண்டிருந்தார். சொப்பிங் பேக்கை முறுக்கி, நுனியில் நெருப்பு வைத்து, சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் உருகி விழ விடுவார். சிரட்டை உடனே பற்றிக்கொள்ளும். மிஸ் ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு அறைக்குள் வந்தவள் சலாமுக்கும் நிற்காமல் நேரே ஜன்னலுக்குப் போய் என் தறப்பாளைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தாள். ஆணியோடு வந்தது.

நிறை ஏறவில்லை. போன கிழமையைவிடப் புள்ளி ஒரு கோடு கீழே விழுந்தது. நெஞ்சுக் குழி இப்போது எனக்கே தெரிந்தது. மிஸ் பஞ்சைச் சுடுதண்ணீரில் நனைத்து, திரிபோல் முறுக்கி, மகளின் மூக்கு ஓரத்தைத் துடைத்தாள். துடைத்ததை வாசலில் நின்ற உம்மாவுக்கு நீட்டினாள். பஞ்சின் நுனி கறுப்பாக இருந்தது.

"சிரட்டைக் கரியா மிஸ்?" என்றார் உம்மா.

"கரி மட்டும் இல்ல உம்மா. நீங்க மூட்டுற சொப்பிங் பேக்கும் சேத்துத்தான். ஒங்களுக்கு மிளகா கமறாததும் அதாலதான். இந்தப் புகைக்குள்ள கிடந்த மூக்குக்கு மிளகா என்னத்த விளங்கப் போகுது?"

உம்மா பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். மிஸ் குரலைத் தணித்தாள். "இத எங்க பழகின நீங்க?"

"கேம்பில," என்றார் உம்மா. "பள்ளிக்கூடத்துல கிடந்தம் மிஸ், சுனாமிக்குப் புறகு. மழை. விறகெல்லாம் ஈரம். பச்சப்புள்ளைகள் பசியில கத்துதுகள். சாமான் சுத்தி வந்த பேக்குதான் கிடந்திச்சு. அத வெச்சி மூட்டினா எந்த ஈர விறகும் பத்தும். நூறு பேருக்குக் கஞ்சி காச்சின நான்."

"எங்கட அம்மாவும் அப்பிடித்தான் காச்சின," என்றாள் மிஸ். "நாங்களும் கேம்பிலதான் கிடந்த."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருப் புகை எல்லாவற்றுக்கும் பேர் வைத்த என் மூக்கு இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. ஏனென்றால் அது எனக்குப் புகையாகவே தெரியவில்லை. வாப்பா போன பிறகு எங்களுக்குச் சூடான கஞ்சி கிடைத்த வாசம் அது. நாலரை வருடமாக எங்கள் வீட்டு வாசமே அதுதான். அதை உள்ளே வைத்து, வெளியே போக இருந்த ஒரே ஜன்னலுக்கும் ஆணி அடித்தவள் நான். தையல்காரச் சாச்சியிடம் நான் கத்திய கத்தலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

மிஸ் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தாள். இருபத்தாறாம் நாள் நான் படி தாண்டினேன். நாற்பது நாளாவது கட்டாவது, ஆட்டோவில் ஏறும்போது தலைக்கு முக்காடு இருந்ததா என்றுகூட நினைவில்லை. உம்மா கூட வருவார் என்று பார்த்தேன். வாசலில் நின்றவர், "எனக்கு வேலை கிடக்கு. நீ போ," என்றார். மகளைக்கூடப் பார்க்கவில்லை. கூட ஏறியது யார் தெரியுமா? தையல்காரச் சாச்சி. கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக் கழற்றவும் மறந்து வந்து ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள். மகள் மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள். நான் மறுபடி ஓட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு. முதல் நாள் என் சுண்டுவிரலைப் பிடிக்கக்கூட அவளுக்கு மனமில்லை. எனக்கு உம்மா மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பேத்தி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், இவருக்கு என்ன வேலை? இரண்டாம் நாள் குழி குறைந்தது. மூன்றாம் நாள் விரலைப் பிடித்தாள், பிடித்த பிடியில் கோபம் தெரிந்தது. நான்காம் நாள் டொக்டர், "கொஞ்சம் ஒட்சிசன், கொஞ்சம் பால். மிச்சம் நல்ல காத்துதான். அத வீட்டுலயும் குடுங்க," என்று அனுப்பினார்.

அஸருக்குப் பிறகு வீடு வந்து சேர்ந்தோம். குசினியில் சாம்பிராணிச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கியிருந்தது, சொப்பிங் பேக் ஒன்றுகூட இல்லை. அறை ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. உம்மாவைக் காணவில்லை. புகையையும் காணவில்லை.

ஜன்னலால் பார்த்தேன். ஏழு வளவு தள்ளி, என் அத்திவாரத்தில், வாப்பா எனக்கென்று அளந்த அறையின் நடுவில், நிவாரணத்தில் வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையில் உம்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் முகம் திருப்பாத என் உம்மா. சாம்பலெல்லாம் வாரி ஒரு மூலையில் புதைத்து, மேலே கடல்மணல் போட்டிருந்தது. கூட்டிய தடம் கூடத் தெரிந்தது.

சாச்சி அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு வந்து மூச்சு விடாமல் சொன்னாள். உம்மா உட்கார்ந்த முதல் நாளே மூலைக்கடைக்காரன் எரிக்கிற குப்பைப் பெட்டியோடு வந்திருக்கிறான். உம்மா கதிரையை விட்டு எழும்பவில்லையாம்.

"இது என்ட மகளுக்கு அவட வாப்பா கட்டிக் குடுத்த வீடு. நீ நிக்கிறது விறாந்தை. உள்ளுக்கு வாறெண்டா செருப்பக் கழட்டிட்டு வா."

அவன் சிரித்திருக்கிறான். உம்மா சிரிக்கவில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். செருப்போடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது, சுவர் இல்லாத வீடாக இருந்தாலும். இரண்டு நாளில் எல்லோரும் சாச்சி மாதிரியே உரப்பையில் கட்டி, ட்ரெக்டர் திரும்புகிற மெயின் ரோட்டுச் சந்தியில் கொண்டுபோய் வைக்கத் தொடங்கினார்கள். ட்ரெக்டர்க்காரர் முதலில் முறைத்தார், பிறகு ஏற்றினார்.

உம்மா தினமும் அஸரோடு கதிரையைத் தூக்கிக்கொண்டு போவார், பொழுதுபட்டு மஃரிபுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். நான் கோபித்ததும் அவருக்குத் தெரியும், கோபம் போனதும் தெரியும். மகளின் தலைமயிர் வெயிலில் காய்ந்தது. செத்தல் மிளகாய் கறிக்கு மட்டும் போனது. ஒருநாள் சம்பலுக்கு வறுத்தபோது கமறிய கமறலில் வீடே தும்மியது. உம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

முப்பத்தொன்பதாம் நாள் பின்னேரம் வீட்டில் நானும் மகளும் மட்டும். பால் குடித்துக்கொண்டிருந்தவளை மறுபக்கம் மாற்றக் கொஞ்சம் பிந்திவிட்டேன். அவ்வளவுதான் என் குற்றம். வாயைத் திறந்தாள், முகம் சிவந்தது, வழக்கம்போல ஒன்றும் வராது என்று நினைத்தேன். வந்தது. சீலை தாண்டி, வாசல் தாண்டி, எதிர்வீட்டில் சாச்சியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நிற்கிற அளவுக்கு வந்தது. நான் பால் கொடுக்காமல் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலடியில் நின்றேன். பசித்த பிள்ளையை அழவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற பாவி நான்தான். எனக்கும் அழுகை வந்தது. பிறகுதான் பால் கொடுத்தேன்.

மஃரிபுக்கு உம்மா வந்தார். கதிரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கால் கழுவினார்.

"புள்ள அழுதவள்தானே?" என்றார்.

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டிச்சு. உன்ட அறைக்குள்ளதான் இருந்தன்."

"அப்ப ஏன் ஓடி வரல்ல?"

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உன்ட வாப்பாவும் கேக்கட்டும் எண்டு இருந்தன்," என்றார்.